வயசு பார்க்கிற டாக்டரம்மா

1. காலி பெஞ்சு

பல் டாக்டரைக் கண்டால் பிள்ளைகள் பயப்படுவது எங்கும் உள்ளதுதான். ஆனால் ஊசியை எடுத்த பிறகுதான் ஓடுவார்கள். நான் வந்து இறங்குவதற்கு முன்னாலேயே ஓடி ஒளிந்த ஊரை, சிவகாசிப் பக்கம் மாற்றலாகி வந்ததும் போன முதல் ஸ்கூல் கேம்ப்பில்தான் பார்த்தேன்.

விஸ்வநத்தம் தாண்டி உள்ளே போகவேண்டிய ஊர். பெயர் வேண்டாம். அந்த ஊர்ப் பெண்கள் இதைப் படித்தால் என்னைச் சும்மா விடமாட்டார்கள். அங்கே ஒரு அரசு உயர்நிலைப் பள்ளி. ஒன்பதாம் வகுப்பிலும் பத்தாம் வகுப்பிலும் பாதி பெஞ்சு காலியாகக் கிடந்தது. நான் விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். பிறந்த வீட்டுக் காரம் எனக்குக் கோபத்தில்தான் வந்து சேர்ந்திருக்கிறது. காலையிலேயே கிளம்பி, ஜீப்பில் சேர், லைட், மவுத் மிரர், பல்லைக் குத்திப் பார்க்கிற ப்ரோப் எல்லாவற்றையும் உதவியாளர் முருகேசனோடு சேர்ந்து ஏற்றி இறக்கி வந்தவளுக்குக் காலி பெஞ்சைப் பார்த்ததும் சுர்ரென்று ஏறியது.

"என்ன டீச்சர், இன்னைக்கு லோக்கல் லீவா?" என்றேன்.

தலைமையாசிரியை ஜெயராணி டீச்சர் பாவம், புடவை முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இல்ல டாக்டர். நேத்து பிரேயர்ல வாய் தவறிச் சொல்லிட்டேன், நாளைக்கு உங்க பல்லைப் பார்க்க ஆஸ்பத்திரியில இருந்து வர்றாகன்னு. ராவோட ராவா ஊரு பூராம் பரவிருச்சு."

"பல்லைப் பார்க்கத்தானே வந்திருக்கேன்? தலையையா வெட்டப் போறேன்?"

"வயசு எழுதிட்டுப் போக வர்றீகன்னு பயப்படுறாக டாக்டர்."

எனக்கு ஒரு நிமிஷம் ஆயிற்று புரிய. புரிந்ததும் கோபம் இறங்கிவிட்டது.

இப்போது வேலைக்கு வருகிற இளைய டாக்டர்களுக்கு இது தெரிந்திருக்காது. பிறந்த தேதிக்கு எந்தச் சான்றும் இல்லாத பிள்ளைக்கு வயசைத் தோராயமாகச் சொல்ல நம்மிடம் இருக்கிற ஒரு வழி பல். இரண்டாவது கடைவாய்ப் பல் வந்துவிட்டதா, ஞானப்பல் எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்து ஒரு கணக்குச் சொல்வோம். ஒரு காலத்தில் இந்தப் பக்கம் தீப்பெட்டி ஆபீசிலும் பட்டாசுக் கம்பெனியிலும் ரெய்டு வந்தால், அங்கே இருந்த சின்னப் பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவருவார்கள். டாக்டர் வாயைத் திறக்கச் சொல்வார், ஒரு எண்ணை எழுதுவார். அதன்பிறகு கம்பெனிக்குக் கேஸ், வீட்டுக்கு விசாரணை. இன்றைக்கு எந்தக் கம்பெனியும் சின்னப் பிள்ளையைக் கேட்டுக்குள் விடாது. அப்படி விட்டால் லைசென்ஸ் போய்விடும். ஆனால் பல்லைப் பார்க்கிற டாக்டர் என்றால் அந்தப் பயம் மட்டும் போகவில்லை.

"சரி, வந்த பிள்ளைகளை வரச் சொல்லுங்க" என்று கையுறையை மாட்டினேன்.

2. வந்தவர்களின் வாய்

வந்த பாதிப் பிள்ளைகளின் வாயைப் பார்த்ததற்கே எனக்குப் போதும் போதும் என்று ஆகிவிட்டது. கடைவாயில் கறுப்புக் குழி இல்லாத பிள்ளை அபூர்வம். சிலருக்கு நிரந்தரப் பல்லே வேர் மட்டும் மிஞ்சிக் கிடந்தது. பதின்மூன்று, பதினாலு வயசில்!

இதற்குப் பெரிய ஆராய்ச்சி எல்லாம் வேண்டாம். விடிந்தும் விடியாமல் கம்பெனி வேன் வந்துவிடும். அம்மாவும் அப்பாவும் அதில் ஏறிப் போய்விடுவார்கள். அதன்பிறகு பிள்ளைகள் தாங்களாக எழுந்து, தாங்களாகக் கிளம்ப வேண்டும். காலைச் சாப்பாடு இனிப்புத் தூக்கலாக ஒரு டீ, அதில் நனைத்த வர்க்கி. பள்ளிக்கூட வாசலில் பெட்டிக்கடை. அங்கே கலர் மிட்டாயும் பாக்கெட் நொறுக்குத்தீனியும். சாயங்காலமும் அதேதான். பல் தேய்ப்பது காலையில் ஒரு முறை, அதுவும் பள்ளிக்கூட மணி அடிக்கப் போகிற அவசரத்தில்.

ஒரு பையனிடம் கேட்டேன், "ஏலே, ராத்திரி படுக்கப் போகும்போது பல்லு தேய்ப்பியா?"

"ராத்திரி தேய்ச்சா யாரு டாக்டர் பார்க்கப் போறா?"

வகுப்பே சிரித்தது. எனக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"கிருமி பார்க்கும்லே. நீ குறட்டை விடும்போது அதுக்குத்தான் கல்யாணச் சாப்பாடு."

பார்த்து முடித்த பிறகும் ஒரு பெண் போகாமல் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயர் கவிதா, பத்தாம் வகுப்பு. என்னம்மா என்றேன். சுற்றிலும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்து சொன்னாள்.

"டாக்டர், நான் சொன்னேன்னு சொல்லிராதீக. எங்க கிளாஸ் முத்துமாரிக்குக் கன்னம் வீங்கிக் கெடக்கு. ரெண்டு மூணு நாளா கஞ்சிகூட எறங்கல. அவுகம்மா வீட்டுக்குள்ளயே வச்சிருக்காக."

கஞ்சி இறங்கவில்லை என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். பல்வலி என்பது வேறு. விழுங்க முடியவில்லை என்பது வேறு. கீழ்க் கடைவாய்ப் பல்லில் கட்டிய சீழ் தாடைக்கு அடியில் இறங்கினால் தொண்டையை அடைத்துவிடும். பல்வலியில் ஆள் சாவார்களா என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன், சாவார்கள்.

டீச்சரையும் முருகேசனையும் கூட்டிக்கொண்டு ஜீப்பில் போனேன். முத்துமாரி வீட்டில் தனியாக இருந்தாள். தலையோடு சேர்த்துத் துண்டைக் கட்டியிருந்தாள். இடது கன்னம் பந்தாக இருந்தது. எச்சிலை விழுங்க முடியாமல் பக்கத்தில் ஒரு கிண்ணம் வைத்திருந்தாள். அறை மூலையில் ஏதோ ஒரு குவியல் மேல் போர்வையைப் போட்டு மூடியிருந்தது. அப்போது நான் அதைப் பற்றி ஒன்றும் நினைக்கவில்லை.

"வாயத் தொறம்மா."

தலையை ஆட்டினாள். பல்லைக் கடித்த மாதிரியே பேசினாள். "அம்மா தொறக்கக் கூடாதுன்னு சொல்லிருக்காக."

தாடைக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது, கொதித்தது. ஜீப்பில் ஏறும்மா என்று நானும் டீச்சரும் கெஞ்சினோம், மிரட்டினோம். அசையவில்லை. அம்மா சொன்னால் வருகிறேன் என்ற ஒரே பேச்சு. பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அப்படித் தூக்கினால் அந்த ஊரில் அதற்கப்புறம் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது.

"அம்மாவுக்குப் போன் போடுங்க டீச்சர்."

"எங்கன டாக்டர் போடுறது? போனைக் கம்பெனி கேட்டுலயே வாங்கி வச்சிருவாக. வெடிமருந்து இருக்கிற எடத்துல செல்போன் கூடாதுல்ல."

3. கேட்டு வாசல்

முருகேசனைப் பிள்ளைக்குக் காவலாக வைத்துவிட்டு நான் ஜீப்பில் ஏறப் போனேன். டீச்சர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கவர்மெண்டு வண்டி கேட்டுக்குப் போச்சுன்னா ரெய்டுன்னு நெனச்சு ஆளுக்கொரு பக்கமா ஓடிருவாக. அப்பறம் இவ அம்மா பாண்டியம்மாவை எங்க தேடுறது? என் ஸ்கூட்டியில ஏறுங்க."

அவர் சொன்னது சரி. ஏறினேன். அந்த மண் ரோட்டில் டீச்சர் ஓட்டின ஓட்டத்தில் என் பல்லே ஆடிப்போயிற்று.

கேட்டில் வாட்ச்மேன் எங்கள் போனை வாங்கி வைத்துக்கொண்டார். ஸ்கூட்டியில் போயும் பிரயோஜனமில்லை. என் கழுத்தில் தொங்கிய ஆஸ்பத்திரி அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு போர்மேன் ஓடி வந்தார்.

"வாங்க மேடம், வாங்க. எங்க கம்பெனியில பதினெட்டுக்குக் கீழ ஒருத்தர் கிடையாது. வேணும்னா ஒவ்வொரு ரூமாப் பார்த்துக்கோங்க."

"நான் எதையும் பார்க்க வரல சார். பாண்டியம்மாவைக் கூப்பிடுங்க. அவுக மகளுக்கு ரொம்ப முடியல."

சீசன் நேரம். தீபாவளி ஆர்டருக்கு லோடு ஏறிக்கொண்டிருந்தது. அந்த நெரிசலிலும் உடனே ஆள் அனுப்பினார். பாண்டியம்மா வந்தார். மெலிந்த உடம்பு, வெறுங்கால், முழங்கை வரைக்கும் அலுமினியப் பொடி வெள்ளியாக மின்னியது. என் அட்டையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"உங்க மகளுக்குக் கன்னம் வீங்கி..." என்று ஆரம்பித்தேன்.

"எனக்குப் பொம்பளப் பிள்ளையே கெடையாதுங்க."

என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னார். இமைகூட ஆடவில்லை.

டீச்சர்தான் முதலில் வாயைத் திறந்தார். "ஏம் பாண்டியம்மா, போன பேரண்ட்ஸ் மீட்டிங்குல, எம்மகளுக்குக் கணக்குல எப்படி மார்க் கொறஞ்சுச்சுன்னு எங்கிட்ட மல்லுக்கு நின்னீகளே, அது யாரு மக?"

போர்மேன் சிரித்துவிட்டார். பாண்டியம்மா சிரிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் கத்தத்தான் வாயெடுத்தேன். ஆனால் பொடி படிந்த கைகளை அவர் முதுகுக்குப் பின்னால் மறைப்பதைப் பார்த்ததும் கத்த வரவில்லை.

"இங்க பாருங்க. உங்க மகளால எச்சிலை முழுங்க முடியல. இன்னைக்குச் சீழை எடுக்கலைன்னா ராத்திரிக்கு மூச்சு முட்டும். உங்க பிள்ளையை நீங்க இல்லைன்னு சொன்னா, நான் யாரு வீட்டுப் பிள்ளைன்னு கூட்டிட்டுப் போவேன்?"

"வயசு எழுத மாட்டீகளே?"

"நான் என் வயசையே யாருக்கும் சொல்றதில்ல. உங்க மக வயசை வச்சு நான் என்ன பண்ணப் போறேன்?"

"அவ வயசு பள்ளிக்கூடத்துல சேர்த்த அன்னையில இருந்தே எங்கிட்ட இருக்கு. அதுக்குப் போயி யாராச்சும் பல்லைத் தோண்டுவாகளா?" என்றார் டீச்சர்.

பாண்டியம்மா நிமிர்ந்தார். போர்மேனிடம் பெர்மிஷன்கூடக் கேட்கவில்லை. "சார், நான் போறேன்" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். மூன்று பேர் ஒரு ஸ்கூட்டியில் போவது சட்டப்படி குற்றம். தெரிந்தேதான் போனோம்.

4. இடது பக்கம்

"வாயத் தொற தாயி. டாக்டரம்மா பார்க்கட்டும்."

அம்மா சொன்னதும் பிள்ளை திறந்துவிட்டது. ஒரு விரல்தான் நுழைந்தது. ஜீப்பில் சிவகாசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சீழைக் கீறி வெளியே எடுத்தேன். அந்த நாற்றத்தை எழுதிக் காட்ட முடியாது, எழுதினால் உங்களுக்குச் சாப்பாடு இறங்காது. பாண்டியம்மா கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து மகளின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துப் பிடித்திருந்தார். ஊசி மருந்து ஏற்றி வார்டில் படுக்க வைத்தோம். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது முத்துமாரி ஒரு டம்ளர் தண்ணீரை மெதுவாகக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி எறங்குதும்மா" என்றாள்.

பாண்டியம்மா ஓவென்று அழுதுவிட்டார். நான் ஓ.பி. பக்கம் வேலை இருக்கிற மாதிரி நகர்ந்துவிட்டேன். எனக்கும் கண் நிறைந்துவிட்டது, நர்ஸ் முன்னால் அழுதால் மரியாதை என்னாவது?

வீக்கம் வற்றி வாய் நன்றாகத் திறந்த பிறகுதான் முழுசாகப் பார்க்க முடிந்தது. பார்த்ததும் எனக்கு ஆச்சரியம். வலது பக்கப் பற்கள் அத்தனையும் சுத்தம். இடது பக்கம் கீழ்வரிசை மட்டும் கன்னத்தை ஒட்டின இடமெல்லாம் அரித்துக் கிடந்தது. மிட்டாய் தின்கிற பிள்ளைக்கு இரண்டு பக்கமும்தான் கெடும்.

"இடது கன்னத்துல என்னத்தை ஒதுக்கி வைப்பே?"

முத்துமாரி அம்மாவைப் பார்த்தாள். பாண்டியம்மா சுவரைப் பார்த்தார். பிறகு அவரே சொன்னார்.

"வெல்லம் டாக்டரம்மா. குழல் சுத்தும்போது வாயில போட்டுக்கிருவா. கையெல்லாம் பசையா இருக்கும்ல. எடுத்து எடுத்துத் திங்க முடியாது. ஒரு கட்டியை ஒதுக்கிக்கிட்டா அது பாட்டுக்குக் கரையும்."

சொல்லி முடித்ததும்தான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டார். வீட்டு மூலையில் போர்வை போட்டு மூடியிருந்த குவியல் என்னவென்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது. வெடிக்கு வேண்டிய காகிதக் குழல். அதில் மருந்து கிடையாது, வெறும் காகிதமும் பசையும்தான். அதை வீட்டுக்கு வாங்கி வந்து சுற்றிக் கொடுப்பார்கள்.

"வெல்லம் எதுக்கு?"

"தூசியை வெல்லம் அரிச்சுக் கொண்டுபோயிரும்ல? கம்பெனியிலயும் வேலை முடிஞ்சா வெல்லமும் வாழைப்பழமும் திம்போம். எனக்குக் கெடைக்கிறதைத்தான் முந்தியில முடிஞ்சு கொண்டாந்து இவளுக்குக் குடுப்பேன். நெஞ்சுல தூசி அடைஞ்சிரக் கூடாதுன்னு."

பாருங்கள், தன் வாய்க்குப் போகவேண்டியதை மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கிறார். மருந்தாக நினைத்துத்தான் கொடுத்திருக்கிறார். அதுதான் மணிக்கணக்காக ஒரே இடத்தில் கரைந்து பல்லைத் தின்றிருக்கிறது. இதைக் கேட்டுவிட்டுத் திட்ட எனக்கு மனசு வரவில்லை.

"பாண்டியம்மா, தூசி மூக்கு வழியா நுரையீரலுக்குப் போகுது. வெல்லம் தொண்டை வழியா வயித்துக்குப் போகுது. ரெண்டும் எங்கன சந்திக்கும்?"

யோசித்தார். "சந்திக்காதோ?"

"சந்திக்கவே சந்திக்காது. தூசிக்கு மூக்குல துணியைக் கட்டுங்க. வெல்லம் திங்கணும்னு ஆசையா இருந்தா சோத்தோட ஒரே மட்டமாத் தின்னுட்டு வாயைக் கொப்புளிக்கச் சொல்லுங்க. ஒதுக்கி வைக்கிற வேலை கூடாது. இன்னொண்ணு, பத்தாவது முடியிற வரைக்கும் குழலை நீங்களே சுத்துங்க. இவ கணக்குப் போடட்டும்."

"சரிங்க. நீங்க இதை..."

"நான் பல் டாக்டர். மத்த எதுவும் எனக்குத் தெரியாது."

அதன்பிறகு இன்னொரு சண்டை. பல்லைப் பிடுங்கிப் போடுங்கள் என்றார் பாண்டியம்மா. சீசனில் திரும்பத் திரும்ப லீவு போட முடியாதாம். அது ஆயுசுக்கும் மெல்லவேண்டிய பல், வேர் சிகிச்சை செய்து கேப் போட்டால் நிற்கும், பிடுங்க மாட்டேன் என்றேன் நான். கம்பெனி வேனில் மகளை ஏற்றி அனுப்பலாமா என்று டிரைவரிடம் கேட்டிருக்கிறார். "ஸ்கூல் யூனிபார்ம்ல ஒரு பிள்ளை வேனுக்குள்ள இருக்கிறதை யாராச்சும் போட்டோ புடிச்சா எங்க கதி என்ன?" என்று அந்த மனுஷர் கும்பிடு போட்டுவிட்டாராம். கடைசியில் ஜெயராணி டீச்சர் ஸ்கூட்டிதான் கைகொடுத்தது. சிவகாசிக்கு வீடு திரும்பும்போது பின்னால் உட்கார வைத்துக் கூட்டி வந்தார். வந்த நாளெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்ததும், நான் சொல்வதற்கு முன்னாலேயே முத்துமாரி வாயைத் திறந்துவிடுவாள். பல் நின்றது.

5. தீபாவளிக்கு அப்புறம்

அடுத்த கேம்ப்பைத் தீபாவளி முடிந்த பிறகு வைத்தேன். அப்போது கம்பெனிகளுக்கு விடுமுறை, அம்மாக்கள் வீட்டில் இருப்பார்கள். இந்த முறை காலி பெஞ்சு இல்லை. பிள்ளைகள் மட்டுமல்ல, தாய்மார்களும் கூட்டமாக வந்து வராண்டாவை அடைத்துவிட்டார்கள். முன்னால் நின்றவர் பாண்டியம்மா. அந்தம்மா தன் வயசையே சொல்லாத ஆளு, உங்க பிள்ளை வயசையா கேட்கப் போகுது என்று ஊரெல்லாம் சொல்லிக் கூட்டி வந்திருந்தார்.

பிள்ளைகளைப் பார்த்து முடித்து முருகேசன் சாமான்களைக் கட்ட ஆரம்பித்தபோது, பாண்டியம்மா வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"பல்லு வலிக்குதா?"

"இல்ல. பல்லைப் பார்த்து வயசு சொல்லுவீகளாமே. எனக்குச் சொல்லுங்க."

"ஏன், ஆதார்ல இருக்குமே?"

"அது கம்பெனி வயசு டாக்டரம்மா. சின்னதுல தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்பும்போது, யாரும் கேட்டா இம்புட்டுன்னு சொல்லுன்னு எங்காத்தா கூட்டிச் சொல்லிக் குடுத்தா. அதையே வச்சு எண்ணிக்கிட்டு வந்து எல்லாத்துலயும் எழுதியாச்சு. ஒரு தடவை ரெய்டு வந்தப்ப என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாக. டாக்டர் பல்லைப் பார்த்தாரு. வெளிய எங்காத்தாவைக் கூப்பிட்டு இது உன் மகளான்னு கேட்டாக. இல்லைன்னுட்டா. அன்னைக்கு அந்த டாக்டர் என்ன வயசு எழுதுனாருன்னு எங்கிட்ட ஒருத்தரும் சொல்லல."

கேட்டு வாசலில் 'எனக்குப் பொம்பளப் பிள்ளையே கெடையாது' என்று இவர் சொன்னது எங்கே படித்த பாடம் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. லைட்டைத் திரும்பப் போடச் சொன்னேன். அவசரப்படாமல் ஒவ்வொரு பல்லாகப் பார்த்தேன்.

"இந்த வயசுக்கு மேல பல்லு சரியாச் சொல்லாது பாண்டியம்மா. தோராயம்தான். ஆனா ஆதார்ல இருக்கிறதைவிடக் கண்டிப்பாக் கொறச்சல். நீங்க இன்னும் நாப்பதைத் தொட்டிருக்க மாட்டீக."

"நெசமாவா?" சடாரென்று எழுந்து வராண்டாப் பக்கம் திரும்பினார். "ஏடி, கேட்டீகளா! எனக்கு நாப்பது ஆகலையாம்டி! நான் கெழவின்னுல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்!"

அவ்வளவுதான். "எனக்கும் பாருங்க டாக்டரம்மா", "எனக்கும் கம்பெனி வயசுதான்" என்று ஒருத்தர் பின் ஒருத்தராக வரிசை கட்டிவிட்டார்கள். வயசு பார்க்க வருகிறேன் என்று பயந்து பிள்ளைகளை ஒளித்து வைத்த அதே பெண்கள்! முருகேசன் கட்டின மூட்டையை முணுமுணுத்துக்கொண்டே அவிழ்த்தார். இருட்டுகிற வரைக்கும் வயசு சொல்லிக்கொண்டிருந்தேன். சாக்கோடு சாக்காக ஒவ்வொருத்தர் சொத்தையையும் பார்த்து ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லிவிட்டேன். வந்தார்கள். இன்றைக்கும் அந்த ஊர்ப் பக்கம் எனக்குப் பெயர் வயசு பார்க்கிற டாக்டரம்மாதான்.

புதிதாக இந்தப் பக்கம் வேலைக்கு வரும் பிள்ளைகளே, சீசனில் கேம்ப் போடாதீர்கள், வீட்டில் ஆள் இருக்காது. ஒரு பக்கம் மட்டும் சொத்தை இருந்தால் கை என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஒரு வாய் திறக்க மறுத்தால் ப்ரோப்பைக் கீழே வைத்துவிட்டு, யார் திறக்கக் கூடாது என்று சொன்னது, எதற்குப் பயந்து சொன்னது என்று விசாரியுங்கள். நான் கற்றுக்கொண்டது இவ்வளவுதான்.

அன்றைக்குக் கிளம்பும்போது முத்துமாரி ஜீப் வரைக்கும் வந்தாள். வாய் நிறையச் சிரித்தாள். இடது கடைவாயில் நான் போட்ட கேப் தெரிந்தது.

"டாக்டர், எங்கம்மாவுக்குச் சொன்னீக, எல்லாருக்கும் சொன்னீக. உங்க வயசு எம்புட்டு?"

"முருகேசன், வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றேன்.